முதல் வரியில் வராத விலாசம்

மச்சான் சந்திரா,

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிளம்பிய பதினோரு பேர், உன் வீடு இருக்கும் மாசாய்க்கு வராமல், நீ பிறந்த ஊரான பண்டார் தெங்காராவில் ஒரு பூட்டிய கேட்டின் முன்னால் போய் நின்றார்கள். அதற்குக் காரணம் உன் மனைவி வசந்தா இல்லை. அவளுடைய அண்ணனான நான்.

எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன், கவனித்தாயா? நீ இருந்த காலத்தில் இப்படி எழுத எனக்கு வந்ததில்லை. எதைச் சொல்வதற்கும் முன்னால் நாலு பத்தி சுற்றி வந்தால்தான் எனக்குப் பேனா ஓடும்.

நீ போய் இன்றோடு பன்னிரண்டு நாள். இந்த ஞாயிற்றுக்கிழமை உன் பதினாறாம் நாள் காரியம். அதற்கு அந்தப் பதினோரு பேரும் வருவார்களா, வசந்தாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவார்களா என்பதுதான் வீட்டில் இப்போது ஒரே பேச்சு. சமையல் யார் என்றுகூட இன்னும் யாரும் கேட்கவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பெட்டிக்குள் படுத்திருந்தவனுக்கு வெளியே நடந்தது எப்படித் தெரியும்?

அன்று காலை உன்னை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வருவதற்குள் மரண அறிவிப்பு போட்டுவிட வேண்டும் என்றார்கள். உன் முகநூல் பக்கத்தில் போட்டால்தான் எல்லாருக்கும் போய்ச் சேரும். தண்ணீர்த் தடை, வேலை காலி, ரத்தம் தேவை, திருடு போன மோட்டார் சைக்கிள், எதுவானாலும் மாசாய் ஜனங்கள் அங்கேதானே பார்ப்பார்கள். பாசிர் கூடாங் பேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டே ஒன்பது வருடம் நீ ஒருவனாக நடத்திய பக்கம். யார் எழுதுவது என்று கேட்டதும் எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. தமிழில் பட்டம் வாங்கியவன், இடைநிலைப் பள்ளியில் இருபது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். வேறு யார் எழுதுவது?

ஒரு மணி நேரம் எடுத்து எழுதினேன். "பண்டார் தெங்காரா மண் ஈன்றெடுத்த மாணிக்கம், செம்பனைக் காட்டிடையே தழைத்த சந்தன மரம்" என்று ஆரம்பித்தேன். நீ பிறந்த தோட்டம், உன் அப்பா அம்மா, உன் அண்ணன் இன்றைக்கும் இருக்கும் அந்த வீடு, நீ விளையாடிய பந்து எல்லாம் வந்தது. "அன்னாரின் நல்லுடல்" என்பது பதினாறாவது வரி. மாசாய் வீட்டு விலாசமும் புறப்படும் நேரமும் அதற்கும் கீழே. எழுதி முடித்து ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். அழுகை வந்தது. நல்லா வந்திருக்கு என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் அப்படி நினைத்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கைப்பேசியில் அது எப்படித் தெரிந்தது தெரியுமா? மூன்று வரி. பண்டார் தெங்காரா, மாணிக்கம், சந்தன மரம். பிறகு "மேலும் காண்க". அதற்குக் கீழே சிரித்த முகமாக நீ. அவ்வளவுதான்.

கூலாயில் மணியம் பார்த்தது அந்த மூன்று வரியை. தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் உன்னோடு வளர்ந்தவன், இப்போது பேக்டரி பஸ் ஓட்டுகிறவன். உன் அப்பாவும் அம்மாவும் அந்த பண்டார் தெங்காரா வீட்டிலிருந்துதான் கடைசிப் பயணம் கிளம்பினார்கள். உன்னையும் அங்கேதான் கொண்டு போயிருப்பார்கள் என்று அவன் நினைத்ததில் என்ன தப்பு? மறுநாள், கூலாய்ப் பக்கம் குடியேறிவிட்ட தோட்டத்து ஆட்கள் பத்துப் பேரை வேனில் ஏற்றிக்கொண்டு நேரே அங்கே போய்விட்டான். உன் அண்ணன் குடும்பமோ முதல் நாளே மாசாய்க்கு வந்துவிட்டது. கேட்டில் பூட்டு.

போன் அடித்திருக்கிறான். இழவு வீட்டில் யார் போனைப் பார்த்தார்கள்? ஒருவழியாக உன் அண்ணன் எடுத்தபோது உன்னை மின்சுடலைக்குள் அனுப்பியாகிவிட்டது. உனக்கு வாய்க்கரிசி போட வந்தவர்கள், கையில் இருந்த மாலையை அந்தக் கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அன்று சாயங்காலமே அறிவிப்பின் கீழே ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது. "படிச்ச குடும்பம், எஸ்டேட் ஆளுங்க வந்தா கௌரவக் குறைச்சல்னு வீட்ட மறைச்சிட்டாங்க." "பொண்டாட்டி வீட்டு ஆளுங்க அப்படித்தான் லா." "சந்திரன் இருந்தா இப்படி நடக்குமா?" வசந்தா உன் படத்துக்கு முன்னால் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு வந்து அதை உட்கார்ந்து படித்தாள். எல்லாவற்றையும் படித்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அதற்குக் கீழே பதில் எழுதினேன். "முழுவதும் படித்துவிட்டுப் பேசவும். விலாசம் தெளிவாகக் கொடுக்கப்பட்டுள்ளது." என் பெயரோடு, பட்டத்தோடு. அதன் பிறகு வந்த வசவை இங்கே எழுத மாட்டேன். அதுவும் எனக்கு வரவில்லை. அவளுக்கு வந்தது.

நாலு நாள் அப்படியே இருந்தேன். யார் கேட்டாலும், இந்தக் காலத்து ஜனத்துக்குப் படிக்கப் பொறுமை இல்லை என்றேன். பள்ளிக்கூடத்தில் சொன்னதையே சொன்னேன். என் மூன்று கட்டுரைகளை ஒரு வருடம் கையில் வைத்திருந்துவிட்டு, "நீளம்" என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிய ஞாயிறு மலர் ஆசிரியரைப் பற்றி நான் சொல்வது உனக்கு மனப்பாடம். சங்கத்து ஆண்டு மலரில் என் கட்டுரையைச் சமையல் பாத்திர விளம்பரத்துக்குப் பின்னால் தள்ளியவர்களைப் பற்றியும்தான். என் குறைகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றையும் நான் விடவில்லை.

உன் மேலும் ஒன்று உண்டு. மறந்திருக்க மாட்டாய். நாலு வருடத்துக்கு முன் உன் பக்கத்துக்கென்று தண்ணீர் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். ஆற்றில் ஆரம்பித்து ஆதி நாகரிகம் வழியாக வந்து, ஏழாவது பத்தியில் மாசாய்த் தண்ணீர்த் தடையைத் தொட்டிருந்தேன். நீ அதை வெட்டிப் போட்டது இது: "நாலாவது மாடிக்கு மேல் இருப்பவர்களே, நாளை காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர் நிற்கும். இன்றைக்கே பிடித்து வையுங்கள்." கீழே என் பெயரையும் போட்டிருந்தாய்.

"என்னடா இது, கொலையா?" என்று கேட்டேன். "மச்சான், அந்த ரெண்டு வரியும் உங்க கட்டுரையில இருந்ததுதான். நான் ஒண்ணும் சேக்கல" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் பேசினோம். உன் பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். பொய். தினமும் பார்த்தேன். ஒருவேளை உனக்கு அது தெரிந்திருந்ததோ?

ஐந்தாம் நாள் வசந்தா என்னைக் கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"அண்ணே, பதினாறுக்கு நீங்க எழுதாதீங்க. வேற யாரையாச்சும் எழுதச் சொல்றேன்."

"ஏம்மா? விலாசம் அதுல இருந்துச்சு. அவங்க முழுசாப் படிக்கல. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"நானே முழுசாப் படிக்கலண்ணே. அவரு பொண்டாட்டி நான். எனக்கே முடியல."

இந்த இருபது வருடத்தில் எந்த ஆசிரியரும் எந்தச் சங்கத்துக்காரனும் என்னை இப்படி உட்கார வைத்ததில்லை. "இன்னும் ஒரு தடவை எழுதிப் பாக்குறேன். சரியில்லன்னா நீயே தூக்கிப் போட்டுடு" என்றேன். அவள் விளக்குக்கு எண்ணெய் ஊற்ற எழுந்து போனாள்.

வீட்டுக்கு வந்து உன் பழைய பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, கட்டுரை திருத்துகிறவன் மாதிரி நோட்டுப் புத்தகமும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். இரண்டு நாள் படித்தேன். குறையும் இருந்தது. ஒருமை பன்மையை நீ எப்போதுமே மதித்ததில்லை. ஆனால் நோட்டில் நான் எழுதி வைத்தது வேறு.

உன் பதிவு ஒவ்வொன்றும் யாருக்கு என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. மாலை ஷிப்ட் ஆட்களுக்கு, பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்கப் போகிறவர்களுக்கு என்று. சம்பந்தமில்லாதவன் அங்கேயே தாண்டிப் போய்விடலாம். அவன் நேரத்தை நீ வீணாக்கவில்லை. ஒரு பதிவில் ஒரு சேதிதான். இரண்டு வரிக்கு ஒரு இடைவெளி விடுகிறாய். முதலில் அதைச் சோம்பேறித்தனம் என்று எழுதினேன். பிறகு பேருந்தில் நின்றுகொண்டு ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி படித்துப் பார்த்தேன். அந்த இடைவெளியில்தான் கண் நிற்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். யாராவது கீழே ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிட்டு, மேலே போய்ப் பதிவையே திருத்தியிருக்கிறாய். அடுத்தவன் அதே கேள்வியைக் கேட்கக் கூடாது என்று. நான் என் ஆயுளில், படிக்கிறவனுக்குப் புரியவில்லை என்பதற்காக ஒரு சொல்லை மாற்றியதில்லை. புரியவில்லை என்றால் அது அவன் பாடு என்றுதான் இருந்தேன்.

பிறகு கலாவைத் தேடிப் போனேன். உன் பேக்டரியில் பேக்கிங் வேலை செய்யும் கலா. நீ எதை எழுதினாலும் முதலில் அவளிடம் காட்டுவாய் என்று வசந்தா சொல்லியிருந்தாள். பேக்டரி வாசலுக்கு எதிரே நாசி லெமாக் சோற்றுக் கடை, காலை ஷிப்ட் ஏறுகிற நேரம், வரிசையாக மோட்டார்கள். நான் சட்டையை டக் பண்ணிக்கொண்டு அங்கே நின்றது எனக்கே ஒரு மாதிரிதான் இருந்தது.

"சந்திரண்ணன் எப்படிப் பாப்பாருன்னு தெரியுமா சார்?" என்றாள் கலா. "போனக் குடுப்பாரு. நாங்க பசியாறிட்டு உள்ள போக ஹெல்மெட்ட எடுத்து மாட்டி வாரப் பூட்டுறதுக்குள்ள போனப் புடுங்கிக்குவாரு. அப்புறம் கேப்பாரு, என்னா புரிஞ்சது, சொல்லு. சொல்ல முடியலன்னா திரும்பவும் எழுதுவாரு. ஒருநாள் ஆறு தடவ எழுதுனாரு. எனக்கு பஞ்ச் கார்டு லேட்டு."

என் முதல் பிரதியைக் கொடுத்தேன். "அன்புடையீர், எங்கள் இல்லத்தின் ஒளிவிளக்காய்த் திகழ்ந்து" என்று தொடங்கியது. வார் பூட்டும் சத்தம் கேட்டது. போனை வாங்கிக்கொண்டு கேட்டேன்.

"யாருக்கு சார் கல்யாணம்?" என்றாள்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. பழைய நானாக இருந்தால் அப்படியே திரும்பிப் போயிருப்பேன். அன்றைக்குப் போகவில்லை. கடை மேசையில் உட்கார்ந்து பால் சேர்க்காத தேநீர், ஒரு தே ஓ சொல்லிவிட்டு மறுபடியும் எழுதினேன்.

இரண்டாவதில் "வரும் ஞாயிற்றுக்கிழமை காலை" என்று ஆரம்பித்தேன். கலா படித்துவிட்டு, "எந்த ஞாயிறு சார்? இத ஒருத்தன் இன்னிக்கு பாப்பான், ஒருத்தனுக்கு அடுத்த வாரம்தான் கண்ணுல படும். அவன் மாலையோட வந்து நிப்பான். தேதி போடுங்க" என்றாள். அச்சில் வந்த செய்தித்தாள் மறுநாள் பொட்டலம் மடிக்கப் போய்விடும். முகநூல் பதிவு போகாது, எப்போது வேண்டுமானாலும் ஒருவன் கைப்பேசியில் மேலே மிதந்து வரும். ஏட்டில் எழுதிப் பழகியவனுக்கு இது தோன்றவே இல்லை.

மூன்றாவதை ஒரு மோட்டார்க்காரரிடம் கொடுத்தாள். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "மாசாய் வீடு, ஞாயித்துக்கெழம, பத்து மணி. சாப்பாடு எத்தன மணி வரைக்கும்?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எதுக்குங்க அதுல?"

"அலமாக், சார். நான் காலை ஷிப்ட் முடிஞ்சு மூணு மணிக்கு மேலதான் வர முடியும். அப்ப வந்தா பந்தல் பிரிச்சிருப்பாங்களோன்னு நெனச்சு வராமலே இருந்துருவேன்ல?"

போட்டேன். மாலை ஐந்து வரை வரலாம், சாப்பாடு இருக்கும் என்று போட்டேன். ஏழு தடவை எழுதினேன், மச்சான். உன்னைவிட ஒன்று கூட. நேற்று முன்தினம் உன் பக்கத்தில் ஏற்றியது இதுதான்: "சந்திரனின் பதினாறாம் நாள் காரியம் மாசாயில், அவர் வீட்டில். பண்டார் தெங்காராவில் அல்ல." அடுத்த வரியில் கிழமை, தேதி, நேரம். அதற்கடுத்து விலாசம். அந்த "அல்ல" என்ற வரியை எழுதும்போதுதான் எனக்குக் கை நின்றது. அதை எழுதினால் முன்னால் எழுதியது தப்பு என்று நானே ஒத்துக்கொள்வதாகிவிடுமே. எழுதினேன்.

ஏற்றுவதற்கு முன் வசந்தாவிடம் போனைக் கொடுத்தேன். படித்தாள். முழுசாகப் படித்தாள். "போடுங்கண்ணே" என்றாள்.

நிறையப் பேர் வருகிறோம் என்று பதில் போட்டார்கள். கூலாய் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மணியத்துக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அதனால் நேற்று காலை கூலாய்க்கே போனேன். வீட்டுக்கு வெளியே பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் குழாயை நிறுத்தவில்லை.

"சார் பசியாறிட்டீங்களா?" என்றான். கேட்க வேண்டுமே என்று கேட்டது.

"மணியம், அந்த அறிவிப்ப எழுதுனது நான். வசந்தாவுக்கு ஒண்ணும் தெரியாது. அத படிச்சுக்கூட பாக்கல அவ. விலாசத்த அடியில போட்டது என் தப்பு."

"பதினோரு பேரு சார்." தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "பூவக்கா ரெண்டு கால்லயும் வீக்கம், அதோட வந்துச்சு. பூட்டுன கேட்டு பக்கத்துல ஒக்காந்துருச்சு. ஒரு பிடி அரிசி எடுத்து முந்தானையில முடிஞ்சு வச்சிருந்துச்சு. அத என்னா பண்றதுன்னு கேட்டுச்சு. நான் என்னா சொல்ல?"

அவன் பஸ்ஸின் ஒரு பக்கம் முழுக்கக் கழுவி முடித்த பிறகுதான் குழாயை அடைத்தான்.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. நான் ஞாயித்துக்கெழம வந்துருவேன். மத்த பத்துப் பேரு? கமெண்ட் போட்டவங்க? அவங்க யாரும் உங்கள ஏசல சார், சந்திரன் பொண்டாட்டியத்தான் ஏசுனாங்க. எங்க ஏசுனாங்களோ அங்கயே சொல்லுங்க."

"சொல்றேன்."

"நீட்டாதீங்க" என்றான்.

கொஞ்சம் நீண்டுதான் விட்டது. ஆனால் நீட்டுவதற்கு முன்னால் முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். மூன்று வரியோடு தாண்டிப் போகிறவனுக்கும் தப்பு யாருடையது என்று தெரியும். மேற்கொண்டு படிப்பவர்கள் உனக்காகப் படிக்கட்டும்.

இன்று காலை கலாவிடம் இந்த முதல் பத்தியையும் காட்டினேன். அவள் வாரைப் பூட்டாமல் நின்றாள். "புரியுது சார்" என்றாள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தண்ணீர்க் கட்டுரையில் ஆற்றைப் பற்றி இருந்த இரண்டு வரியை நீ வெட்டியிருக்கக் கூடாது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். அது வேறு ஓர் இடத்தில், வேறு ஒரு நாளில், அதைத் தேடி வருகிறவனுக்காக நிற்க வேண்டிய எழுத்து. தண்ணீர் நிற்கப் போகிற அன்று, பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டியவளின் வழியில் அதைக் குறுக்கே போட்டது என் தப்பு. இந்த இரண்டையும் உன் எதிரில் உட்கார்ந்து சொல்ல நாலு வருடம் இருந்தது. ஏன் சொல்லவில்லை?

உன் பக்கத்தை வசந்தா என்னிடம் கொடுத்திருக்கிறாள். "ஒரு மாசம் பாக்குறேண்ணே" என்றுதான் கொடுத்தாள். எனக்கு அது போதும். உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இது: அந்த ஒரு மாதத்தில் ஒருவர்கூட என் எழுத்தை நம்பித் தவறான கேட்டின் முன்னால் போய் நிற்க மாட்டார். ஒவ்வொன்றையும் ஏற்றுவதற்கு முன் அந்த மோட்டார் வரிசைக்குப் போவேன். சிரித்தால் திரும்ப எழுதுவேன். கீழே வரும் கேள்விக்குப் பதில் சொல்வேன், சொல்லிவிட்டு மேலே திருத்துவேன். ஒரு மாதம் முடிந்ததும் இன்னொரு மாதம் கேட்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பூவக்காவுக்கு நாற்காலி வாசலிலேயே போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பெயரைப் பற்றிக் கொஞ்ச நேரம் யோசித்தேன். போட்டால், தப்பை ஒத்துக்கொண்ட பெரிய மனிதன் என்று எனக்குக் கைதட்டல் விழும். அந்தக் கைதட்டலுக்காக நான் எவ்வளவு அலைந்தவன் என்று உனக்குத் தெரியும். யார் என்று தெரிய வேண்டியவர்களுக்கு வசந்தாவின் அண்ணன் என்பது போதும், உனக்கு மச்சான் என்பது போதும். அதற்கு மேல் கீழே ஒன்றும் போடாமல், இதை இப்போது உன் பக்கத்தில் ஏற்றுகிறேன்.